குளிர் நடுக்கமா, சர்க்கரை இறங்கியதா?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய்; தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். போன வாரம் பி.டி. வகுப்பு முடிந்ததும் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். குளிர் என்று நினைத்து ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, ஒரு சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரமாகியும் சோர்வு போகவில்லை. பள்ளியில் என்ன சொல்லி வைப்பது?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: மலை ஊர்ப் பள்ளிகளில் எளிதில் நேரும் தவறு இது. குளிரில் நடுங்கும் குழந்தைக்கு வியர்க்காது. நெற்றியும் பின்கழுத்தும் ஈரமாகி, முகம் வெளிறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் சர்க்கரை இறங்கியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 70-க்குக் (mg/dL) கீழே காட்டினால் உடனே குளுக்கோஸ். மீட்டர் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வர்க்கி பிஸ்கட்டும் அப்படித்தான். 30 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சுமார் 10 கிராம் குளுக்கோஸ் பொடி போதும். உங்கள் மகளின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, நீங்களே நிறுத்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர், வேன் ஓட்டுநர் மூவரிடமும் கொடுங்கள். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை; இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு பொட்டலம். அந்த நேரத்தில் அவளைத் தனியாகப் படியேறி ஆபீஸ் அறைக்கு அனுப்பவே கூடாது. பொட்டலம்தான் அவளிடம் வரவேண்டும்.

நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

சோதிக்கக் குத்தும்போது, குளிரில் விரல் விறைத்து ரத்தம் வராது. வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவித் துடைத்த பிறகு குத்தலாம். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். 10 டிகிரிக்குக் கீழே பல மீட்டர்கள் வேலை செய்யாது. காலையில் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளட்டும். உபயோகத்தில் உள்ள இன்சுலின் பேனாவுக்கு உங்கள் ஊரில் ஃப்ரிட்ஜ் தேவைப்படாது. ஆனால் உறைந்துபோன இன்சுலின் வீண். உருகிய பிறகும் போடக் கூடாது.

வகுப்பிலேயே சோதிக்கவும் இன்சுலின் போடவும் சாப்பிடவும் அனுமதிக்கும்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தலைமையாசிரியரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இன்னொன்று: ஓடி விளையாடிய நாளில் சர்க்கரை இரவிலும் இறங்கலாம். பி.டி. உள்ள நாட்களில் படுக்கும் முன் ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.