பைசாந்தியத் திருவுருவச் சண்டை: கேள்வி பதில்

8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசர்கள் (கிழக்கு ரோமப் பேரரசர்கள்) கிறிஸ்து, புனிதர்கள் ஆகியோரின் படங்களைத் தடைசெய்ததால் எழுந்த சண்டை இது.

கே: உருவம் செய்யக்கூடாது என்ற பத்துக் கட்டளையை வைத்துத்தானே படங்களை எதிர்த்தார்கள்?

ப: அதையும் சொன்னார்கள். ஆனால் 754-இல் ஹியேரியாவில் கூடிய 338 ஆயர்கள் வைத்த முக்கிய வாதம் வேறு. கிறிஸ்துவை வரைகிறவர் எதை வரைகிறார்? மனித இயல்பை மட்டும் என்றால் அவரை இரண்டாகப் பிரிக்கிறார். இறை இயல்பையும் சேர்த்து என்றால் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார். எப்படிப் பார்த்தாலும் பழைய சங்கங்கள் (ஆயர்களின் பொதுக் கூட்டங்கள்) கண்டித்த தப்பறைதான், அதாவது தவறான போதனைதான். நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பமும் ரசமும்) ஒன்றே அவருடைய மெய்யான உருவம் என்று முடித்தார்கள். படங்களை ஆதரித்தவர்களில் இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தவர் ஸ்தூதியோன் மடத்துத் துறவி தியோடோர். படம் காட்டுவது இயல்பை அல்ல, ஆளை என்றார். பேதுருவை வரைந்தால் அது பேதுருதான். பொதுவான 'மனித இயல்பை' யாரும் வரைவதில்லை. இந்தச் சண்டையிலேயே கூர்மையான பதில் இது.

கே: படங்களை ஆதரித்த துறவி தமஸ்கு யோவான் பேரரசரையே எதிர்த்து எழுதியும் தப்பித்தது எப்படி சார்?

ப: அவர் இருந்தது இஸ்லாமியக் கலீபா ஆட்சியில். பேரரசரின் கை அங்கே எட்டாது. சீனாய் மலை மடத்தின் 6-ஆம் நூற்றாண்டு மெழுகுவண்ணப் படங்கள் பிழைத்ததும் அப்படித்தான்.

கே: படத்தை எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்?

ப: சிலுவை. நிக்கேயாவின் மரியன்னை துயில் ஆலயத்தில் இதைத் தெளிவாகக் காண முடிந்தது. பலிபீடத்துக்கு மேலே முதலில் மரியன்னை. அந்தப் பகுதியின் மொசைக்கை மட்டும் வெட்டியெடுத்துச் சிலுவை பதித்தார்கள். பின்னர் சிலுவையை எடுத்துவிட்டு மறுபடி மரியன்னையை வைத்தார்கள். சிலுவைக் கைகள் இருந்த இடத்தில் தங்கச் சில்லுகளின் ஒட்டுத் தடம் அப்படியே தெரிந்தது. ஆலயம் 1922-இல் அழிந்தது. அதற்கு முந்தைய புகைப்படங்களில் அந்தத் தடத்தை இன்றும் பார்க்கலாம். தலைநகர் கான்ஸ்டான்டினோப்பிளின் ஹாகியா சோபியா ஆலயத்தில் ஓர் அறையில் புனிதர்களின் முகங்களுக்குப் பதில் சிலுவைகள் உள்ளன. கீழே இருந்த பெயர்களையும் பெயர்த்துவிட்டார்கள்.

கே: படங்களை மீண்டும் ஏற்ற 787 சங்கம் எதையெல்லாம் அனுமதித்தது?

ப: படத்தை முத்தமிடலாம், வணங்கலாம், தூபம் காட்டலாம், விளக்கேற்றலாம். ஆராதனை, அதாவது தெய்வமாக வழிபடுவது, கடவுளுக்கு மட்டும். சங்கத்தை முதலில் 786-இல் தலைநகரில் கூட்டினார்கள். படங்களை எதிர்த்த காவல் படையினர் உள்ளே புகுந்து கலைத்துவிட்டார்கள். அரசி ஐரீன் அந்தப் படைகளை அப்புறப்படுத்திய பிறகே நிக்கேயாவில் நடத்த முடிந்தது. இதன் தீர்மானங்கள் மோசமான லத்தீன் மொழிபெயர்ப்பில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததால், படங்களை ஆராதிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து 794-இல் பிராங்க்பர்ட் சங்கம் மறுத்தது.

கே: அத்தோடு முடிந்ததா?

ப: இல்லை. 813-இல் பல்கேரியர்களிடம் படுதோல்வி. படங்களை வணங்கிய பேரரசர்களுக்கே தோல்வி வருகிறது என்று கணக்குப் போட்ட பேரரசர் ஐந்தாம் லியோ, 815-இல் மறுபடி தடை விதித்தார். 843-இல் அரசி தியோடோரா தடையை நீக்கினார். கிழக்குத் திருச்சபைகள் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான்.