மூணாறில் போட்டிங்கைத் தவிர என்ன இருக்கிறது?

கேள்வி: எழுபதைத் தாண்டிய அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போடிமெட்டு வழியாக மூணாறு போகிறோம். போட்டிங், வியூ பாயின்ட் எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. ஊரின் பழைய கதையைச் சொல்கிற இடங்கள் உண்டா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: உண்டு. அதுவும் போடிக்காரர்களுக்கு அந்தக் கதையில் பங்கே இருக்கிறது.

மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-ல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகல ரயில் பாதையாக மாறி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை போனது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, உங்கள் ஊர் வழியாகத்தான் தூத்துக்குடிக் கப்பலுக்குப் போயின. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் போடவில்லை. பிள்ளைகளுக்கு இதை டாப் ஸ்டேஷனில் நின்று, கீழே நம் பக்கத்தைக் காட்டியே சொல்லுங்கள், ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், மஞ்சு மூடினால் ஒன்றும் தெரியாது.

அப்புறம் நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கிற தேயிலை அருங்காட்சியகம். அந்த ரயிலின் சக்கரம் ஒன்று அங்கே இருக்கிறது. 1913-ல் செய்த கருங்கல் சூரிய கடிகாரத்தைக் கட்டாயம் பாருங்கள், அதைச் செதுக்கியது நம் நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளி. இந்த மலையின் பெயர்ப்பலகைகளில் துரைமார் பெயர்கள்தான் அதிகம், ஆனால் காட்டை வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் பெரும்பாலும் கங்காணிகள் என்ற ஆள்பிடி மேஸ்திரிகள் கூட்டிவந்த நம் தென்மாவட்டத்துச் சனங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் லயங்களில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். 2015-ல் கூலி உயர்வுக்காக ஊரையே ஸ்தம்பிக்க வைத்த 'பொம்பிளை ஒருமை' என்ற தோட்டத் தொழிலாளர் இயக்கத்துப் பெண்கள் இந்த லயங்களிலிருந்து வந்தவர்கள்தான். அம்மா வயதுக்காரர்கள் யாராவது அகப்பட்டால் இரண்டு பேரையும் பேசவிட்டுவிடுங்கள், எந்த கைடும் சொல்லாத கதையெல்லாம் வரும்.

ஊருக்குள் 1910-ல் கட்டத் தொடங்கிய சிஎஸ்ஐ தேவாலயம் இருக்கிறது. பின்னாலுள்ள கல்லறைத் தோட்டம் அதைவிடப் பழையது. 1894-ல் காலராவில் இறந்த எலினார் நைட் என்ற இளம்பெண்ணின் கல்லறைதான் அங்கே முதலாவது. சரிவில் ஏற வேண்டும், அம்மா தேவாலயத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சியைப் பார்க்கும் ஆசை இருந்தால் 2030 வரை பொறுக்க வேண்டும். வரையாடு பார்க்க இரவிகுளம் போகலாம், ஆனால் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூட்டிவிடுவார்கள். தேயிலை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதற்கேற்பப் பயணத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.