ஷார்ப்பனரில் தீட்டிய கத்தி ரெண்டே நாளில் மழுங்குது

மறுபடி மெஷினில் விடாதீங்க, இரும்புதான் தேயும். தீட்டின அன்னைக்குத் தக்காளியை அருமையா வெட்டிட்டு, ரெண்டாம் நாளே தோலில் வழுக்குதுன்னா, பெரும்பாலும் கத்தி வாயில், அதாவது வெட்டுற ஓரத்தில், பிசிறு (தீட்டும்போது ஓரத்தில் சுருண்டு நிக்கிற மெல்லிய இரும்பு) நிக்குது. அது மடங்கினதும் கூர் போயிடும்.

முதுகிலிருந்து வாய்ப்பக்கமா, வெளியே பார்த்து விரலை மெல்லத் தடவிப் பாருங்க. வாயோட நீளவாக்கில் தடவிடாதீங்க, வெட்டிடும். ஒரு பக்கம் மட்டும் சொரசொரன்னு சிக்குச்சுன்னா பிசிறேதான்.

1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பு அளவு) தீட்டுக்கல்லை நனைச்சு, மெஷின் வெச்ச அதே சாய்வில், பக்கத்துக்கு ஒரு இழுப்பா மாத்தி மாத்தி இழுங்க. அழுத்தவே கூடாது, கடைசி நாலைஞ்சு இழுப்புக்குக் கத்தியோட எடையே போதும். அப்புறம் பழைய தோல் பெல்ட்டில், முதுகு முன்னால போற மாதிரி தேய்ங்க. இந்தக் கடைசி வேலைதான் கூரை நிக்க வைக்கும்.

பிரெட் வெட்டுற பல் கத்திக்கு இது ஒத்துவராது. மெல்லிசான ஜப்பான் கத்தின்னா மெஷின் பக்கமே கொண்டு போகாதீங்க, வாய் சில்லு சில்லாப் பெயர்ந்துடலாம்.