சைகான் அரசாங்கத்துக்கு சம்பளம் போட்டது யாரு? தெற்கு வியட்நாம் பத்தி உங்க கேள்விகளும் என் பதில்களும்

வியட்நாம் போர்னா எல்லாரும் குண்டு, காடு, ஹெலிகாப்டர் பத்திதான் பேசுறாங்க. அப்போ வியட்நாம் ரெண்டா பிரிஞ்சிருந்துச்சு: வடக்குல ஹனோயை தலைநகரா வச்ச கம்யூனிஸ்ட் அரசாங்கம், தெற்குல சைகானை தலைநகரா வச்சு அமெரிக்கா ஆதரிச்ச அரசாங்கம். 1955ல இருந்து 1975 வரைக்கும் தெற்குல இருந்த அந்த அரசாங்கம் எந்த காசுல ஓடுச்சுனு யாரும் கேக்குறதில்லை. பல வருஷமா நான் படிச்சுட்டு வர்ற விஷயம் இது, கேளுங்கனு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கே: சார், அமெரிக்கா பணம் கொடுத்துச்சு சரி. அந்த டாலர் எப்படி வியட்நாம் சிப்பாய்க்கு சம்பளமா போய் சேர்ந்துச்சு? டாலர்லயே கொடுத்தாங்களா?

இல்லைங்க, இதுதான் மொத்த கதைக்கும் சாவி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். 1955ல ஒரு இறக்குமதி திட்டம் ஆரம்பிச்சாங்க. சைகான் பக்கத்துல சோலோன்னு சீன வியாபாரிங்க இருக்குற இடம், அங்க ஒரு வியாபாரிக்கு பால் பவுடரோ துணியோ வேணும்னு வைங்க. சரக்கு அனுப்புற வெளிநாட்டு கம்பெனிக்கு அமெரிக்க அரசாங்கமே டாலரை கட்டிடும். நம்ம வியாபாரி அதுக்கு ஈடா பியாஸ்டரை (அவங்க ஊர் காசு, டோங்னும் சொல்வாங்க) கொண்டு போய் சைகான் தேசிய வங்கியில கட்டணும். அந்த பியாஸ்டர் ஒரு தனி கணக்குல சேரும், அதை எடுத்து அரசாங்கம் ராணுவத்துக்கும் குமாஸ்தாக்களுக்கும் சம்பளம் போடும். சரக்கும் வந்துடுச்சு, சம்பளமும் போட்டாச்சு, வெறும் நோட்டை அடிச்சு விட்டா ஏறுற மாதிரி விலையும் ஏறல.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அரசாங்க ரேட்டு டாலருக்கு 35 பியாஸ்டர், தெருவுல அதை விட ரொம்ப அதிகம். அப்போ இறக்குமதி லைசென்ஸ் கையில இருந்தாலே போதும், கடையை திறக்கிறதுக்கு முன்னாடியே லாபம். அந்த லைசென்ஸ் யாருக்கு கிடைக்கும்? மேலிடத்துல ஆள் இருக்கிறவனுக்கு. இன்னொன்னு, இதை விட பெரிசு: துறைமுகத்துல கப்பல் வந்தா கஜானா நிறையுதுனு ஆயிட்டதால கிராமத்துக்கு போய் வரி வசூல் பண்ணணும், ஜனங்க கிட்ட பேசணும், அவங்க குறையை கேக்கணும்ங்கிற தேவையே சைகானுக்கு இல்லாம போச்சு. அதே கிராமத்துல வியட்காங் (சைகானை எதிர்த்து தெற்குலயே சண்டை போட்ட கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள்) ஆளுங்க வீடு வீடா உக்காந்து பேசி வரி வாங்கிட்டு இருந்தாங்க. என்னைக் கேட்டா அந்த நாடு தோத்தது போர்க்களத்துல மட்டும் இல்ல, இந்த இடத்துலயும்தான்.

கே: அப்போ பணம் கொடுத்தவன் சொன்னபடி எல்லாம் ஆடினாங்களா? பொம்மை அரசாங்கம்னு சொல்றாங்களே.

பொம்மைனு சொன்னா தப்பா போயிடும். தெற்கோட முதல் தலைவர் நோ டின் டியெம் பிடிவாதக்காரர், அமெரிக்கா சொன்ன பாதியை அவர் செய்யவே இல்ல. 1955 அக்டோபர்ல பழைய மன்னர் பாவோ தாயை எதிர்த்து ஒரு வாக்கெடுப்பு வச்சாங்க, டியெமுக்கு 98 சதவீதம்னு அறிவிச்சாங்க, சைகான்ல பதிவு பண்ண வாக்காளர் சுமார் நாலரை லட்சம், அவருக்கு விழுந்த ஓட்டு ஆறு லட்சத்துக்கு மேல! இவ்வளவு வேணாம், கம்மியா காட்டுங்கனு அமெரிக்காக்காரங்களே சொல்லியும் கேக்கல.

ஆனா பிடி யார் கையில இருந்துச்சுனு 1963ல தெரிஞ்சுடுச்சு. மே மாசம் ஹுவே நகரத்துல புத்த மதத்துக்காரங்க மேல அரசாங்கப் படை துப்பாக்கிச்சூடு, ஜூன்ல திக் குவாங் டுக்ங்கிற பிக்கு நடுரோட்டுல தீக்குளிச்சார், ஆகஸ்ட்ல அரசாங்கப் படை புத்த கோயில்களுக்குள்ள புகுந்து அடிச்சாங்க. அதுக்கப்புறம் கென்னடி அரசாங்கம் நான் மேல சொன்ன அந்த இறக்குமதி பணத்தைத்தான் நிறுத்துச்சு. குழாயை மூடினதும் ராணுவ ஜெனரல்களுக்கு அர்த்தம் புரிஞ்சுடுச்சு, நவம்பர் 1 கவிழ்ப்பு, மறுநாள் டியெமையும் தம்பி நியூவையும் கொன்னுட்டாங்க.

கே: அண்ணே, அமெரிக்க ராணுவம் நேரா வந்து இறங்கினதும் சாதாரண ஜனங்க வாழ்க்கை என்ன ஆச்சு?

தம்பி, 1965 மார்ச்ல டா நாங் கடற்கரையில இறங்க ஆரம்பிச்சாங்க, 1969ல 5 லட்சத்து 40 ஆயிரத்தை தாண்டிருச்சு. அத்தனை பேரும் செலவு பண்ணா விலை என்ன ஆகும்? 1966 ஜூன்ல டாலருக்கு 118 பியாஸ்டர்னு ரேட்டை மாத்தினாங்க, அப்பவும் பிளாக் மார்க்கெட்ல அதுக்கு மேலதான். மாசச் சம்பளம் வாங்குற வாத்தியார், குமாஸ்தா, சிப்பாய் எல்லாம் நசுங்கிட்டாங்க. முகாம்ல துணி துவைக்கிற வேலைக்கும் மதுக்கடை வேலைக்கும் வாத்தியார் வேலையை விட கூட காசு.

இதை தடுக்கத்தான் அமெரிக்க சிப்பாய்ங்களுக்கு டாலரை கையில கொடுக்காம ராணுவச் சீட்டு கொடுத்தாங்க. பழைய நோட்டு சேக்குற பழக்கத்துல என் கிட்ட ஒண்ணு இருக்கு. அஞ்சு சென்டுக்கு கூட காகிதம்தான், பொம்மை விளையாட்டு நோட்டு மாதிரி சின்னதா கலர் கலரா இருக்கும், அமெரிக்க ராணுவ இடங்கள்ல மட்டும் செல்லும்னு அதுல அடிச்சிருக்கும். ஆனா தெருவுல அதுவும் புழங்குச்சு. அதனால 1968 அக்டோபர்ல ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாம முகாம் கதவை எல்லாம் மூடி பழைய சீட்டு இன்னையோட செல்லாதுனு மாத்திட்டாங்க. உள்ள இருந்த சிப்பாய்க்கு புது சீட்டு கிடைச்சுது, வெளிய துணி துவைச்சு சேத்து வச்ச அம்மாவுக்கு வெறும் காகிதம். நமக்கு 2016 நவம்பர் ராத்திரி ஞாபகம் இருக்குல்ல, நாமளாவது பேங்க் வாசல்ல வரிசையில நின்னு மாத்தினோம், அவங்களுக்கு அந்த வரிசையே கிடையாது.

அரிசி கதை இன்னும் கொடுமை. தெற்குல இருக்கிற மெகாங் டெல்டா உலகத்துக்கே அரிசி அனுப்பின இடம், 1965ல இருந்து அவங்களே இறக்குமதி பண்ணி சாப்பிட வேண்டியதாச்சு, 1967ல மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல, பெரும்பாலும் அமெரிக்க அரிசி. ரோடு எல்லாம் துண்டு துண்டா போச்சு, ஆளுங்க ஊரை விட்டு ஓடினாங்க, போதாததுக்கு சைகான் குறைஞ்ச விலையை கட்டி வச்சிருந்துச்சு. பதுக்கலை ஒடுக்குறேன்னு பிரதமர் நுயென் காவ் கி 1966 மார்ச்ல தா வின்ங்கிற சோலோன் வியாபாரியை சந்தைக்கு எதிர்ல மணல் மூட்டை அடுக்கி சுட்டுக் கொன்னார். விலை இறங்கல.

கே: சைகான்ல நம்மாளுங்க இருந்தாங்கனு தாத்தா சொல்வார், நெசமா?

நெசம்தான். பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே நகரத்தார் வட்டிக்கடை வச்சிருந்தாங்க, பாண்டிச்சேரி, காரைக்கால் ஆளுங்க அரசாங்க வேலையில இருந்தாங்க, தமிழ் முஸ்லிம்கள் துணி வியாபாரம் பண்ணாங்க. அங்க உள்ள மாரியம்மன் கோயில்ல இன்னைக்கும் வியட்நாம் ஜனங்க ஊதுபத்தி ஏத்தி கும்பிடுறாங்க. போர் காலத்துல டாலர் மாத்துறதுல இந்தியர்கள் பேர் அடிபட்டது உண்மைதான், மறைக்க விரும்பல.

கே: நிலச் சீர்திருத்தம் எதுவும் பண்ணலையா?

பண்ணாங்க, லேட்டா பண்ணாங்க. டியெம் 1956ல உச்சவரம்பு 100 ஹெக்டேர்னு வச்சார், அதாவது 247 ஏக்கர், அதுல யாருக்கு என்ன மிச்சம்? 1970 மார்ச்ல அப்போ ஜனாதிபதியா இருந்த நுயென் வான் தியு கொண்டு வந்த சட்டம்தான் நிஜமானது. உச்சவரம்பு 15 ஹெக்டேர், உழுதவனுக்கு இலவசமா பட்டா, மூணு நாலு வருஷத்துல 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல கை மாறுச்சு. அதே நேரம் நம்ம பெரியவங்களுக்கு தெரிஞ்ச, அதிக விளைச்சல் தர்ற ஐ.ஆர்.8 நெல்லும் அங்க வந்துச்சு, ஒரு நல்ல போகம் எடுத்தா ஹோண்டா வண்டி வாங்கலாம்னு அதுக்கு ஹோண்டா நெல்லுனே பேர் வச்சிட்டாங்க. பதினஞ்சு வருஷம் முன்னாடி இதை செஞ்சிருக்கணும்ங்கிறது என் ஆதங்கம்.

கே: வடக்கு மட்டும் யோக்கியமா? ரஷ்யா, சீனா காசுலதானே ஓடுச்சு?

ஆமா, ஆயுதம், எண்ணெய், அரிசி எல்லாம் வந்துச்சு, சீன ராணுவ ஆளுங்களே லட்சக்கணக்குல வந்து ரோடு, ரயில் பாதை போட்டாங்க. ஆனா கொடுக்குறவங்க ரெண்டு பேர், அவங்களுக்குள்ள சண்டை, ஹனோய் ரெண்டு பக்கமும் பேசி வாங்கிக்கிச்சு. தெற்குக்கு ஒரே வாசல்.

கே: கடைசியில என்னதான் ஆச்சு? தியு தங்கத்தை தூக்கிட்டு ஓடினார்னு படிச்சேன்.

1973 மார்ச்ல அமெரிக்கப் படை கிளம்பினதும் அவங்களை நம்பி இருந்த வேலை எல்லாம் போச்சு, அதே வருஷம் பெட்ரோல் விலை ஏறுச்சு. ராணுவ உதவி 1974 நிதியாண்டுல 100 கோடி டாலர் அளவுக்கு வந்து அடுத்த வருஷம் 70 கோடிக்கு இறங்குச்சு. சிப்பாய் சம்பளம் குடும்பத்துக்கு சோறு போட பத்தல, பேர் மட்டும் பட்டியல்ல இருக்கிற பேய் சிப்பாய்ங்க சம்பளத்தை அதிகாரிங்க வாங்கிட்டு இருந்தாங்க.

தங்கம் பத்தி: அது வதந்திங்க. தியு 1975 ஏப்ரல் 25 ராத்திரி தைவானுக்கு கிளம்பினார், தேசிய வங்கியில இருந்த 16 டன் தங்கமும் அங்கேயேதான் இருந்துச்சு, ஏப்ரல் 30 அன்னைக்கு சைகான் வடக்கு படை கையில விழுந்ததுக்கப்புறம் புது அரசாங்கம் எண்ணி எடுத்துக்கிச்சு. ஜனங்க கையில இருந்த காசுதான் போச்சு. என் கிட்ட 1972ல அடிச்ச புலி படம் போட்ட 500 டோங் நோட்டு ஒண்ணு இருக்கு. 1975 செப்டம்பர் 22 அன்னைக்கு அதை கொண்டு போய் கொடுத்தா ஒரே ஒரு புது டோங் கொடுத்தாங்க, அதுலயும் குடும்பத்துக்கு இவ்வளவுதான்னு வரம்பு.