பன்னிரண்டு நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்: பூட்டை மாற்ற அவருக்கு உரிமை உண்டா?

கேள்வி: கணவர், மகள், மாமியாருடன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 2022 ஜனவரியில் நொத்தாரிசு முன் இரண்டு வருடக் குத்தகை எழுதினோம். அது 2023 டிசம்பரில் முடிந்தது. பிறகு புதிதாக எதுவும் எழுதவில்லை. மாதம் 95,000 ரூபாவை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் போட்டு வந்தோம். முற்பணம் 570,000 ரூபா அவரிடம் இருக்கிறது. கணவர் வேலை செய்த நிறுவனம் மூடப்பட்டதால் ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் வாடகை கட்டவில்லை. மகன் கனடாவிலிருந்து வருகிறான், 30ஆம் திகதிக்குள் வீட்டை விட வேண்டும், இல்லாவிட்டால் பூட்டை மாற்றுவேன் என்று வீட்டுக்காரர் செப்டெம்பர் 18இல் வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதன்பின் இரண்டு நாள் மாலையில் கீழே மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவமானப்படாமல் இரவோடிரவாக வத்தளையில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம் என்கிறார் கணவர். ஆனால் அண்ணனுக்கோ வேறு யாருக்குமோ இன்னும் எதுவும் தெரியாது. கணவர் தூங்குவதில்லை, வந்த பதிவுத் தபாலைப் பிரிக்கவும் இல்லை, மாலையானால் ரயில் பாதைப் பக்கம் தனியே போய் நிற்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். சட்டத்துக்கு நாளை காலைவரை நேரம் இருக்கிறது, உங்கள் கணவரின் விஷயத்துக்கு இல்லை. “செத்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா?” என்று இன்றிரவே அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டாலோ அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இருபத்துநான்கு மணிநேரமும் அழைக்கலாம். ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் நேரே அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அண்ணனுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். சம்பளமும் நல்ல முகவரியும் இருந்த குடும்பங்களில் இந்த வெட்கம்தான் வீட்டுக்காரரைவிட வேகமாக ஆட்களை வெளியே தள்ளுகிறது.

இனி வீட்டு விஷயம். பூட்டை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் நீங்கள் மாதாமாதம் வாடகை கட்டினீர்கள், அவரும் எடுத்துக்கொண்டார். ஆகவே நீங்கள் இப்போது மாத வாடகைக் குடியிருப்பாளர். இதை முடிக்க ஒரு முழு நாட்காட்டி மாத முன்னறிவித்தல் வேண்டும், அது மாத இறுதியில் முடியவும் வேண்டும். செப்டெம்பர் 18இல் அனுப்பி 30இல் வெளியேறு என்பது செல்லாது. செப்டெம்பர் முடியுமுன் முறையாக அறிவித்திருந்தாலும் அவர் கேட்கக்கூடிய மிக முந்திய நாள் ஒக்டோபர் 31.

அந்த நாள் வந்தாலும் அவர் தானாக உங்களை வெளியேற்ற முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் பிஸ்கால் அலுவலர் மூலமாகத்தான் வீட்டை மீட்க வேண்டும். மூன்று மாதப் பாக்கி அந்த வழக்கில் அவர் கையை ஓங்கச் செய்யும். அதற்காகப் பூட்டுப்போடவோ, உங்கள் சாமான்களைத் தடுத்து வைக்கவோ அதிகாரம் வந்துவிடாது. பொலிஸாருக்கும் நீதிமன்றக் கட்டளையில்லாமல் உங்களை வெளியேற்றும் அதிகாரம் கிடையாது.

சிலர் உங்களிடம் வாடகைச் சட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் கொழும்பின் பழைய வாடகை வீடுகளுக்குப் பெரிய பாதுகாப்பு, ஆனால் அண்மைக்காலத்தில் கட்டிய தொடர்மாடிகளுக்குப் பொதுவாக அது பொருந்தாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த வீட்டை விரைவாக மீட்க வீட்டுக்காரர்களுக்குத் தனி நடைமுறையைத் தந்திருக்கிறது. உங்கள் குத்தகை உறுதி 2022இல் எழுதப்பட்டதால் அது உங்களுக்கு எதிராக வரும் என்று நான் கருதவில்லை. ஆனால் “எல்லாவற்றையும் ஒழுங்காக்கிக்கொள்வோம்” என்று அவர் இப்போது புதிய உறுதி ஒன்றை நீட்டினால், ஒரு சட்டத்தரணி பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அந்தப் பதிவுத் தபாலைப் பிரியுங்கள். சட்டத்தரணியின் கடிதமானால் பதில் அனுப்பலாம். நீதிமன்ற அழைப்பாணையானால், குறித்த நாளில் யாரும் தோன்றாவிட்டால் வழக்கு ஒருதலையாக விளங்கித் தீர்ப்பாகிவிடும். அதை நீக்கக் கோர, தீர்ப்பாணை உங்கள் கையில் சேர்ந்ததிலிருந்து 14 நாள்தான், அதுவும் வராததற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். மனம் நொந்திருந்தேன், கடிதத்தைத் திறக்கவில்லை என்பதை நீதிமன்றம் இலேசில் ஏற்காது. கணவரால் முடியாவிட்டால் கடிதங்களை நீங்கள் பொறுப்பெடுங்கள். உறையையும் தூக்கி வீசாதீர்கள், அதிலுள்ள தபால் முத்திரைத் திகதி பிறகு தேவைப்படும்.

நாளைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். சொல்லும் விதம் முக்கியம். “வாடகைப் பிரச்சினை” என்று தொடங்கினால் இது சிவில் விஷயம் என்று அனுப்பிவிடுவார்கள். பூட்டை மாற்றுவதாக மிரட்டினார், இன்ன திகதி இத்தனை மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார், வீட்டில் வயதான தாயும் படிக்கும் பிள்ளையும் இருக்கிறார்கள், கைகலப்பு வருமோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தாமல் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறித்து வந்து, பிரதியும் கேளுங்கள்.

பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. இரண்டு தரப்பையும் மேசைக்கு முன் நிறுத்தி, “சரி, எத்தனையாம் திகதி போவீர்கள்?” என்று கேட்பார்கள். களைத்துப்போனவர் ஏதோ ஒரு திகதியைச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிடுவார். பிறகு எந்த நீதிமன்றத்திலும் அந்தத் தாள்தான் முதலில் வரும். “சட்டத்தரணியிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்ற ஒரு வசனம் போதும்.

மிரட்டல் தொடர்ந்தால், நம் நீதிமன்றங்களில் “66 வழக்கு” என்று சொல்லும் வழி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு அது. கொழும்பில் இதை நீதவான் நீதிமன்றமே விசாரிக்கும். பொலிஸாரும் தாக்கல் செய்யலாம், நீங்களே சத்தியக்கடதாசியுடனும் போகலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்று இங்கே பார்ப்பதில்லை, யார் இருப்பில் இருந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். நீங்களே தாக்கல் செய்தால் அந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தரப்பினரை அழைக்க வேண்டும், விசாரணை மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம்.

உங்களை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டால் இரண்டு மாதக் கணக்கு தொடங்கும். தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டிருந்தால்தான் திரும்ப உள்ளே விடும்படி அந்த நீதிமன்றம் கட்டளையிடும். அண்ணன் வீட்டில் பத்து வாரம் அழுதுவிட்டு வந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். மாவட்ட நீதிமன்ற வழி எஞ்சியிருக்கும், ஆனால் அது நீண்டது.

இத்தகைய வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சத்தியக்கடதாசியில்தான். அமைதி குலையும் அபாயம் இருக்கிறது என்பதை எழுதாமல் விடுவார்கள். “அண்மையில் வெளியேற்றினார்” என்று திகதியில்லாமல் எழுதுவார்கள். வீட்டின் மாநகர சபை வரி இலக்கமும் மாடி இலக்கமும் பிழையாக இருக்கும். “இத்தனையாம் திகதி மாலை 6.40க்கு நான் சமைத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மற்ற வீடுகளில் விளக்கு எரிந்தது. கீழே இறங்கிப் பார்த்தபோது எங்கள் மெயின் சுவிச் கீழே தள்ளப்பட்டிருந்தது” என்று எழுதினால் எந்த நீதவானுக்கும் புரியும். அடுத்த முறை நின்றால் அந்தப் பெட்டியைக் காணொளி எடுங்கள்.

இவற்றை ஒரு உறையில் போட்டு அண்ணனிடம் கொடுத்துவையுங்கள்: பழைய குத்தகை உறுதி, முற்பணப் பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்றுகள், மின் பட்டியல்கள், கிராம சேவகரின் வதிவிடச் சான்று, பொலிஸில் கொடுத்த பழைய குடியிருப்பாளர் பதிவுப் படிவத்தின் பிரதி. வட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷொட் எடுப்பதோடு நிறுத்தாமல் தொலைபேசியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆகவே இரவோடிரவாகப் போகாதீர்கள். அப்படிப் போனால் அவர்கள் தாமாகவே வீட்டை ஒப்படைத்தார்கள் என்று அவர் சொல்வார், மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. முற்பணமும் அதோடு போய்விடும். மாமியாரையும் மகளையும் சில நாள் வத்தளைக்கு அனுப்பினாலும், பெரியவர் ஒருவர் சாவியோடு வீட்டில் இருக்க வேண்டும். சாமான்களும் இருக்க வேண்டும்.

அதற்காக வருடக்கணக்கில் வழக்காடுங்கள் என்று சொல்ல மாட்டேன். சட்டம் உங்களுக்குத் தருவது அந்த வீட்டை அல்ல, ஒழுங்காக வெளியேறத் தேவையான காலத்தை. வழக்கில் தோற்றால் பாக்கியோடு, வெளியேறும் நாள்வரை மாதாந்த நட்டஈடும் தலையில் விழும். கணக்கைப் பாருங்கள். மூன்று மாதப் பாக்கி 285,000 ரூபா. ஒக்டோபர் இறுதியில் போனால் நான்கு மாதம், முற்பணத்திலிருந்து 380,000 கழியும், 190,000 திரும்ப வரவேண்டும். நவம்பர் இறுதியானால் 95,000 வரும். டிசம்பர் இறுதிவரை இருந்தால் முற்பணம் முழுவதும் கரைந்துவிடும், புதிய வீட்டுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. என் அபிப்பிராயம் ஒக்டோபர் இறுதி, தவறினால் நவம்பர். மகளின் பரீட்சைக்காக டிசம்பரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். பாடசாலையில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைக்கு வீடு மாறியதால் இடம் போகாது. அவளுக்கு இப்போது வேண்டியது இருட்டாகாத ஒரு மேசை.

இந்தக் கழிவு தானாக நடக்காது. முற்பணத்தை வாடகையில் கழிக்கக்கூடாது என்று உங்கள் உறுதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தாலும் அவர் சம்மதித்தால் முடியும். சட்டத்தரணி மூலம் ஒரு பக்கக் கடிதம் போதும்: வெளியேறும் நாள், கழிக்கும் தொகை, திரும்பத் தரும் தொகை, அதுவரை மின்சாரத்திலும் தண்ணீரிலும் கைவைப்பதில்லை என்ற உறுதிமொழி. மகனுக்கு வீடு அவசரமாக வேண்டிய வீட்டுக்காரருக்கு, திகதி போட்ட கடிதம் நீண்ட வழக்கைவிட மேலானது. முற்பணத்தைப் பிறகு தராமல் இழுத்தடித்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். எழுத்து ஒப்பந்தத்தின்படியான பணத்துக்கு ஆறு வருடம்வரை வழக்கிடலாம். வாய்ப்பேச்சானால் மூன்று வருடம்தான்.

சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் புதுக்கடை நீதிமன்றத் தொகுதியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்தே எடுப்பார்கள், ஆகவே வேலை போனதற்கான கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் கொண்டுபோங்கள். இது ஏழைகளுக்கான இடம், நமக்கில்லை என்று தயங்க வேண்டாம்.

சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரோடு ஒவ்வொரு அறையாக நடந்து சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படமெடுங்கள். மின், தண்ணீர் மீற்றர் இலக்கங்களை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். பணம் உங்கள் கணக்கில் விழுந்ததைத் தொலைபேசியில் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு துண்டில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். லொறி அதற்குப் பிறகு புறப்படட்டும்.