கதிர்வீச்சு முடிந்து 4 ஆண்டுகள்: கையில் எரிச்சல் ஏன்?

கேள்வி: என் வயது 58. நான்கு ஆண்டுகளுக்கு முன் வலது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும், அக்குள் பகுதியையும் சேர்த்துக் கதிர்வீச்சும் அளித்தார்கள். இப்போது நோய் திரும்பாமலிருக்க டாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. இரவில் தோளிலிருந்து மின்சாரம் பாய்வதுபோல் எரிச்சல் இறங்குகிறது. வலி மாத்திரைகளுக்குக் கட்டுப்படவில்லை. நோய் திரும்பிவிட்டதா? இந்த வலி தீருமா?

பதில்: சிகிச்சை முடிந்து இத்தனை காலம் கழித்து வலி என்றால், வீட்டில் இருப்பவர்களே நம்ப மறுப்பதுண்டு. உங்கள் வலி உண்மையானது. கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல், கதிர்வீச்சு பட்ட இடத்திலேயே இருக்கிறது. அங்குள்ள திசுக்கள் மெல்ல மெல்ல இறுகித் தழும்பாகி நரம்பை நெருக்குகின்றன. நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் சேதமடைகின்றன. இது வெளியே தெரியச் சில மாதங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம்.

நோய் திரும்பியதா என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. கதிர்வீச்சால் வரும் பாதிப்பு பெரும்பாலும் மரப்பிலும் கூச்சத்திலும் தொடங்கி, மெதுவாக நகரும். தொடக்கத்திலேயே கடும் வலி, வேகமாகக் கூடும் வலி, அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்குதல், கழுத்தில் புதிய கட்டி ஆகியவை இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிப்போம். நீங்கள் எழுதியது முதல் வகையை ஒத்திருக்கிறது. இருந்தாலும், புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லி நரம்புப் பின்னலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதுதான் சரி. கூடவே ரத்தச் சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். கீமோ மருந்துகளால் வரும் நரம்புப் பாதிப்பு பொதுவாக இரு கைகளிலும் இரு பாதங்களிலும் தெரியும்; உங்களுக்கு ஒரு கை மட்டும் என்பது கவனிக்க வேண்டிய குறிப்பு.

வழக்கமான வலி மாத்திரைகள் பெரும்பாலும் வீக்கத்தாலும் காயத்தாலும் வரும் வலிக்கானவை. நரம்பு வலிக்கு அவை அதிகம் உதவாது. பலன் இல்லாமல் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். இதற்கென்று கேபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. டாமோக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதை இவற்றில் டுலோக்செட்டின் குறைக்கக்கூடும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் டாமோக்சிஃபென் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள். கண் நீர் அழுத்த நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் அமிட்ரிப்டிலின் ஒத்துவராமல் போகலாம்.

இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். மூன்று நாள் சாப்பிட்டு, தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் மட்டுமே மிச்சம் என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்த அளவில், பெரும்பாலும் இரவு வேளையில் தொடங்கி, படிப்படியாகக் கூட்ட வேண்டிய மருந்துகள் இவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வலி குறைந்தாலும் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றொன்றுக்கு மாறலாம். எதற்கும் அடங்கவில்லை என்றால், வலி நிவாரணத்துக்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவரைப் பாருங்கள்.

மரத்த கைக்குச் சூடு தெரியாது. குளிக்கும் நீரை இடது கையால் தொட்டுப் பாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வலது தோளில் கனமான பையை மாட்டாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மென்மையான அசைவுகளைத் தினமும் செய்யுங்கள். வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்தால் தோள் இறுகி, இன்னொரு வலி சேர்ந்துகொள்ளும்.

தீருமா என்று கேட்டீர்கள். தழும்பாகிவிட்ட திசுவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்று இல்லை. ஆனால் இரவில் தூங்கவும் பகலில் வேலை செய்யவும் முடிகிற அளவுக்குப் பலருக்கு வலியைக் குறைக்க முடிகிறது. கையில் பலம் குறைந்து பொருட்கள் நழுவினாலோ, கை புதிதாக வீங்கினாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.