தொட்டால் காய்ந்திருக்கிறது, கழுவினால் ஓடிவிடுகிறது!

கேள்வி: திருப்பூரில் சின்னதாக செஸ்ட் பிரிண்டிங் (டி-ஷர்ட்டின் மார்பில் டிசைன் அச்சடிக்கும்) யூனிட் நடத்துகிறேன். கோடையில் இரண்டு மணி நேரத்தில் காய்கிற, எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் பூச்சு) தடவிய ஸ்க்ரீன், ஐப்பசி பிறந்துவிட்டால் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினாலும் சரிவருவதில்லை. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. எக்ஸ்போஸ் செய்து (டிசைன் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி) கழுவும்போது டிசைனின் ஓரமும் சேர்ந்து வழிந்துவிடுகிறது. தப்பிக்கிற ஸ்க்ரீனிலும் 200 பீஸ் தாண்டுவதற்குள் பின்ஹோல் (ஊசித் துளைகள்). எக்ஸ்போஸ் நேரத்தைக் கூட்டினால் சின்ன எழுத்துகள் அடைத்துக்கொள்கின்றன. எமல்ஷனை மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். எமல்ஷன் மேல் தப்பில்லை, அறைக் காற்றின் மேல்தான் தப்பு. இதே தவறைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒன்றில் நானும் செய்து, ஒரே நாளில் 12 ஸ்க்ரீனைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டப்பாவில் இருக்கிற எமல்ஷனில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் போனால்தான் வெளிச்சம் படும்போது உள்ளே இருக்கும் பொருள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகும். மேலே காய்ந்து, மெஷ்ஷை (ஸ்க்ரீனின் வலைத் துணியை) ஒட்டிய பகுதியில் ஈரம் நின்றுவிட்டால் அங்கே பிடிப்பே இருக்காது. கழுவும் தண்ணீர் அதைத்தான் முதலில் கிளப்புகிறது. நேரத்தைக் கூட்டினால், ஈரத்தால் வந்த குறை அப்படியே இருக்க, சின்ன எழுத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து அடைப்பதுதான் மிச்சம்.

இப்போது ஒரு கணக்கு. 8 அடிக்கு 8 அடி, 8 அடி உயரமுள்ள அறையின் காற்று, 25 டிகிரி வெப்பத்தில் அதிகபட்சம் தாங்கும் தண்ணீர் ஏறக்குறைய 330 கிராம். மழை நாளில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் அதில் 300 கிராம் ஏற்கெனவே காற்றில் இருக்கிறது, மிச்ச இடம் 30 கிராம்தான். 18க்கு 22 அங்குல ஸ்க்ரீன் ஒன்று, கோட்டிங் கனத்தைப் பொறுத்து 10, 15 கிராம் தண்ணீரை வெளியே விடும். மூன்று ஸ்க்ரீன் வைத்தாலே அறை நிரம்பிவிட்டது! அப்புறம் ராத்திரி முழுக்க ஃபேன் போட்டாலும், அது அதே ஈரக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும்.

அதே காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 90லிருந்து கிட்டத்தட்ட 50க்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் குறையவில்லை, தாங்கும் சக்தி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் 30 முதல் 35 டிகிரி வெப்பம், 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். வெளிச்சமே படாமல் சூட்டிலேயே எமல்ஷன் கெட்டியாக ஆரம்பிக்கும், பிறகு கழுவினாலும் டிசைன் திறக்காது.

ஹீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் வேண்டும், ஈரம் வெளியே போக வழி வேண்டுமே. டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) வாங்க முடிந்தால் அதற்கு நேர்மாறு: கதவு இடுக்கு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கோட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட விடுங்கள். அது ஓடும்போது அறையையும் கொஞ்சம் சூடாக்கும், நமக்கு அதுவும் நல்லதுதான். வாளியில் சேரும் தண்ணீரைப் பார்த்தால்தான் இவ்வளவும் நம் காற்றில் இருந்ததா என்று புரியும். புதிதாக ஒரு எக்ஸ்போஸிங் மெஷினுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏர் கூலரை மட்டும் அந்த அறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள், அது தண்ணீரைக் காற்றில் கலக்கிற சாதனம். ஸ்க்ரீன் கழுவுகிற தொட்டியும் அதே அறையில் இருக்கக் கூடாது.

மரச் சட்டமா உங்களுடையது? மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு ஓரமாகக் கசியவிடும், அதனால் கோட் செய்வதற்கு முன்பே சட்டத்தை நன்றாகக் காய விட வேண்டும். முடிந்தபோது அலுமினியத்துக்கு மாறிவிடுங்கள். கோட் செய்த ஸ்க்ரீனைத் துணி படும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்துக் காய வையுங்கள்.

விரலை நம்பாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க எடை போடுவதுதான் வழி. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். கோட் செய்ததும் எடையைக் குறித்து, அரை மணிக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டு முறை அடுத்தடுத்து எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது, குறைந்துகொண்டே வந்தால் தொட்டுப் பார்க்க எப்படி இருந்தாலும் காயவில்லை.

கேள்வி: சென்னையில் வீட்டிலேயே துணிப்பைக்குப் பிரிண்ட் போடுகிறேன். இருட்டாக இருக்கிறதே என்று ஸ்க்ரீனைக் குளியலறையில் வைத்து, ஹேர் டிரையரால் காய வைக்கிறேன். பாசிட்டிவ் (டிசைன் உள்ள ஃபிலிம்) ஒட்டிக்கொண்டு வருகிறது. என்ன செய்வது?

பதில்: பாசிட்டிவ் ஒட்டுகிறது என்றாலே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அம்மா. வீட்டிலேயே ஈரம் அதிகமான இடம் குளியலறை. ஹேர் டிரையரின் சூடு மேல்பகுதியை மட்டும் பால் ஆடை மாதிரி மூடிவிடும், அடியில் உள்ள தண்ணீர் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடம் சூட்டில் கெட்டியாகும். ஏசி உள்ள அறை இருந்தால் டிரை மோடில் போட்டு, ஜன்னலுக்குக் கனத்த திரை கட்டி, மஞ்சள் பல்பு மட்டும் எரியவிட்டு, சின்ன ஃபேனைத் தள்ளி வைத்து மெதுவாகக் காற்று பட விடுங்கள். நேரம் பிடிக்கும், ராத்திரி கோட் செய்து காலையில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் கிடைக்கும் ஈரப்பத மீட்டரை நம்பலாமா? என்னிடம் இரண்டு இருக்கிறது, இரண்டும் வேறு வேறு காட்டுகிறது.

பதில்: சமையல் உப்பைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் ஈர மணல் மாதிரி இருக்கும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் இரண்டு மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். உள்ளே 75 சதவீதம்தான் இருக்கும். ஒன்று 80 காட்டினால், இனி அதில் 5 கழித்துப் படியுங்கள்.

கேள்வி: மழைக்கு முன்பே நிறைய ஸ்க்ரீன் கோட் செய்து அடுக்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எந்த சென்சிடைசர் (எமல்ஷனை வெளிச்சத்தில் கெட்டியாக வைக்கும் மருந்து) என்பதைப் பொறுத்தது. டைகுரோமேட் கலந்தது என்றால் கூடவே கூடாது. அது இருட்டிலும் தானாகக் கெட்டியாகும், சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அன்றன்றைக்குக் கோட் செய்து அன்றே எக்ஸ்போஸ் செய்ய வேண்டும். அதோடு அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் வகை, இன்னும் வெறும் கையால் கலக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். டையாசோ என்றால் குளிர்ந்த, உலர்ந்த, இருட்டான இடத்தில் சில வாரம் தாங்கும். ஆனால் காய்ந்த எமல்ஷனும் மழை நாளில் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், அதனால் எடுத்ததும் எக்ஸ்போஸ் செய்யாமல், ஒரு மணி நேரமாவது அந்த உலர் அறையில் வைத்துவிட்டு எடுங்கள்.